கொட்டகைக்குப் பின்னால் தேத்தண்ணி

"என்ன அநியாயம் பாரும்," என்று சற்குணம் மேசையில் அடித்த அடியில் யோகமலரின் தேத்தண்ணி சிந்தியது.

லண்டனில், மோர்டன் வீட்டின் முன்னறை. ஊர்ச் சங்கத்தின் 2009ஆம் ஆண்டு விளையாட்டு விழா மலருக்கு அவர் கட்டுரை சொல்கிறார், மனைவி யோகமலர் கம்ப்யூட்டரில் அடிக்கிறாள். சங்கத் தலைவர் அல்லவா, முதல் கட்டுரை அவருடையதுதான். '1889: வெள்ளைக்காரன் காலத்து இலங்கையில் ஒரு வருடம்' என்று தலைப்பு. மடி நிறையப் பழைய பேப்பர்களின் போட்டோகொப்பி.

"கவர்னருக்கு வரவேற்பு, குதிரைப் பந்தயம் எல்லாம் எழுதியாச்சு. இப்ப இதை அடியும். துரைமாரின்ர கிரிக்கெட் கிளப்பில எங்கட ஆள் ஒருத்தன் கிழமை முழுக்கப் பந்து போட்டுப் பழக்கியிருக்கிறான். கெட்டிக்காரன் எண்டு பேப்பரே எழுதுது. மட்ச் அண்டு அவனை இறக்கேல்லை."

"ஏனாம்?"

"அவனோட கூட இருந்து சாப்பிட ஏலாதாம். கொட்டகைக்குப் பின்னால தேத்தண்ணி குடுத்து அனுப்பிப்போட்டாங்கள்."

யோகமலருக்குக் கோபம் பற்றிக்கொண்டு வந்தது. இவங்களும் மனுசரோ? வேலை வாங்க ஆள் வேணும், பந்தியில இருத்த வேண்டாமாம். கீபோர்ட் உடைகிற மாதிரி அடித்தாள். 'மனிதனை மனிதனாக மதிக்காதவன் என்ன கனவான்?' என்று அவர் சொன்ன வரியைத் தடித்த எழுத்தில் போட்டாள்.

போன் அடித்தது. சங்கத்தின் கிரிக்கெட் கப்டன் நிஷாந்தன். கையில் பேப்பர் இருந்ததால் சற்குணம் ஸ்பீக்கரில் போட்டார்.

"அண்ணை, ஞாயிற்றுக்கிழமை பைனலுக்குக் கௌரிதாசனை இறக்கிறன். ஜேர்மனியில இருந்து வந்தவர். வேலை ஷிப்டையும் மாத்திப்போட்டார். மனுசி பிள்ளையளும் பாக்க வருகினமாம்."

"ஓமோம், பிராக்டிசில பாத்தனான். அந்த மாதிரிப் பந்து. அவை ஊரில எவடம்?"

நிஷாந்தன் இடத்தைச் சொன்னான். சற்குணத்தின் முகம் சுருங்கியது.

"அவையளோ... வேண்டாம் தம்பி."

"லண்டனுக்கு வந்தும் சாதியோ, அண்ணை?"

"சீச்சீ, நான் பாக்கிறேல்லை. மட்ச் முடிய எல்லாரும் குடும்பமாய் இருந்து சாப்பிடுறது. சனம் கதைக்கும்."

"மனுசன்ர பந்துக்கு அடிச்சுப் பழகித்தான் நாங்கள் பைனலுக்கே வந்தனாங்கள். இப்ப நான் என்ன முகத்தோட போய்ச் சொல்லுறது?"

"ஆள் நிரம்பிட்டுது எண்டு சொல்லும். பிராக்டிசுக்கு வழக்கம்போல வரட்டும், பெடியளுக்குப் பந்து போடட்டும். சாப்பாட்டுப் பார்சல் ஒண்டு வீட்டுக்குக் குடுத்துவிடுவம்."

போனை வைத்துவிட்டு, ஒன்றுமே நடக்காதவர்போல அடுத்த பேப்பரைத் தட்டினார்.

"எதில விட்டனாங்கள்?"

யோகமலரின் கோபம் அப்படியேதான் இருந்தது. துரைமார்மேல் இருந்தது இப்போது பக்கத்துக் கதிரையில் இருந்தவருக்கு மாறியிருந்தது. மெல்ல நாலு எழுத்தைத் தட்டிவிட்டுக் கையை எடுத்தாள்.

"கட்டுரை முடிஞ்சுது. ஒரு பிழை கிடந்தது, திருத்திப்போட்டன். மிச்சத்தில கை வைக்கேல்லை."

"என்ன பிழை?"

"தலைப்பில வருசம். 2009 எண்டு மாத்தியிருக்கிறன்."