மூன்று மீட்டர் சுவர்

ஜப்பானியர் பிடித்து, சியோனான் என்று பெயர் மாற்றி ஒன்றரை வருடமான சிங்கப்பூர். தேக்கா வட்டாரத்தின் மாடியறை ஒன்றில், பாதி சாத்திய சன்னல் வழியே காலை வெயில் கோடு கோடாக மேசைமேல் விழுகிறது. கட்டட வழக்குகளைப் பார்க்கும் வக்கீல் விஸ்வலிங்கம் ஓர் ஒப்பந்தத்தை முகத்தருகே பிடித்திருக்கிறார். எதிரே கான்ட்ராக்டர் குழந்தைவேலு, மடியிலிருக்கும் தொப்பியின் விளிம்பை விரல்களால் உருட்டிக்கொண்டிருக்கிறார். போன வாரம் அவருடைய கிடங்கின் சுவர் சரிந்து இரண்டு கூலியாட்கள் செத்துப்போனார்கள். அந்தச் சுவரை வேறொரு மேஸ்திரி கட்டியதாக ஒப்பந்தம் சொல்கிறது. அந்த மேஸ்திரியோ குண்டுவீச்சில் போய்ச் சேர்ந்தவர். "இது எப்ப எழுதினது?" என்கிறார் வக்கீல். "சண்டைக்கு முந்தி ஐயா. நாப்பத்தொண்ணுன்னு தேதி போட்டிருக்கே." காகிதம் பழுப்பேறியிருக்கிறது, குண்டூசியில் துரு. எல்லாம் சரியாகத்தான் தெரிகிறது. கீழே ஜப்பானிய லாரி ஒன்று உறுமிக்கொண்டு போகிறது. வக்கீல் வரி வரியாக விரலை ஓட்டுகிறார். பிறகு வக்கீலின் விரல் ஒரு வரியில் நிற்கிறது. 'சுவரின் உயரம் மூன்று மீட்டர்.' இழுப்பறையைத் திறந்து, பழைய மர அடிக்கோல் ஒன்றை எடுத்து அந்த வரிக்குக் கீழே வைக்கிறார். "வெள்ளைக்காரன் காலத்தில நாங்க அடிக்கணக்கிலதானே அளந்தனாங்கள், குழந்தைவேலு? மீட்டர் ஜப்பான்காரனோட வந்தது." தொப்பி உருள்வது நிற்கிறது. குழந்தைவேலு கதவைத் திரும்பிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்துகிறார். "நாளைக்கு அடிக்கணக்கிலேயே எழுதிக்கிட்டு வந்துடுறேன் ஐயா."