நஞ்சம்மா போன்ல பிளேன்

"முனியப்பா, இந்த எழவு மறுபடியும் செத்துப் போச்சு பாரு."

நஞ்சம்மா அக்கா போனை, பீடியும் ரீசார்ஜும் விக்கற என் கடை மேசைமேல வச்சாங்க.

வாங்கிப் பார்த்தேன். மேல ஓரத்துல குட்டியா ஒரு பிளேன் படம். ஃபிளைட் மோட். அது போட்டிருந்தா கால் வராது, போகாது, ஒரு வாட்சப் மெசேஜ்கூட உள்ள நுழையாது.

நேத்துத்தான் எடுத்து விட்டேன். முந்தாநாளும் எடுத்து விட்டேன். எங்க வத்தல்மலைக்கு பஸ்ஸே நேரத்துக்கு வராது, தினம் தினம் இந்த பிளேன் மட்டும் எங்கருந்துய்யா வந்து எறங்குது?

"அக்கா, நீங்க எதையாவது அமுக்குறீங்களா?"

"பச்சையை இழுத்து 'அலோ'ங்கறதைத் தவிர எனக்கு என்னடா தெரியும்?"

பிளேனை எடுத்துட்டு என் போன்லருந்து அடிச்சேன். கணீர்னு அடிச்சுது.

"போன் நல்லாத்தான் இருக்கு. தங்கராஜுக்குப் போட்டுத் தரட்டுமா?"

"வேண்டாம், வேண்டாம். பேக்கரியில கும்பலா இருக்கும், முதலாளி திட்டுவான். அவனா கூப்புடுவான். தினம் கூப்புடறவன்தானே."

தங்கராஜ் அக்காவுக்கு ஒரே பையன். பெங்களூர்ல பேக்கரி வேலை. எங்க ஊருக்கு டவர் வர்றதுக்கு முன்னால, சிக்னல் வேணும்னா ஊருக்கு மேல இருக்கற பாறைக்குத்தான் ஏறணும். சாயங்காலமானா யாராவது ஒருத்தர் தெருவுல இருக்கற போனையெல்லாம் ஒரு பையில போட்டு எடுத்துக்கிட்டுப் போவாங்க. மெசேஜெல்லாம் பாறையில வந்து விழும். கீழ வந்து வூடு வூடா சேதி சொல்லுவாங்க.

நஞ்சம்மா அக்கா போனை மட்டும் மருமக கோகிலாவே கொண்டு போகும். "அவரு பேசினாரு அத்தை, சாப்பிட்டீங்களான்னு கேட்டாரு"ன்னு வந்து சொன்னப்புறம்தான் அக்கா களித் தட்டையே கையில எடுப்பாங்க.

போன மாசம் டவர் வந்துச்சு. வூட்டுக்குள்ளயே சிக்னல் நாலு கோடு. பக்கத்து வூட்டுக்காரன்கூட இப்ப 'சாப்டாச்சா'ன்னு வாட்சப்லதான் கேக்கறான். பாறையில காக்கா கூட உக்கார்றதில்ல.

"வூட்டுல இந்தப் போனை வேற யாரு தொடறது?"

"கோகிலாதான் சார்ஜ் போடுவா."

அக்கா அந்தப் பக்கம் போனதும், பீடி வாங்க வந்து நின்னுட்டிருந்த மாதையன் ஆரம்பிச்சான்.

"இதுகூடவா புரியல உனக்கு? ஆத்தாளும் மகனும் பேசறது அவளுக்குப் பொறுக்கல, அமுக்கி வைக்கிறா. இன்னொண்ணும் கேளு. வூட்டுலயே சிக்னல் இருக்கறப்ப அவ எதுக்கு இன்னமும் பாறைக்கு ஏர்றா? யாருகிட்டப் பேசறா?"

கோகிலாவா? மாமியாருக்குக் கால் வலின்னா தைலத்தை எடுத்துக்கிட்டு ஓடுற பொண்ணாச்சே. ஆனா பிளேன் தானா வந்து உக்காராதே!

கோபமும் கொழப்பமுமா, சாயங்காலம் கடையைச் சாத்திட்டு நானும் பாறைக்கு ஏறினேன்.

கோகிலா தனியா உக்காந்திருந்துச்சு. பக்கத்துல ரெண்டு போனு. யாருகிட்டயும் பேசல. சும்மா கீழ ரோட்டைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருந்துச்சு.

"ஏம்மா, உங்க மாமியா போன்ல பிளேன் போடறது நீதானே?"

இல்லன்னு சாதிக்கும்னு நெனச்சேன்.

"ஆமாங்கண்ணா."

"அடிப்பாவி! பெத்தவகிட்ட மகன் பேசறதுல உனக்கு என்ன நோவு?"

கோகிலா தலையைக் குனிஞ்சுக்கிட்டுச்சு.

"டவர் வந்த வாரம் அத்தை போனை மடியிலயே வச்சிருந்தாங்கண்ணா. நாலு கோடும் இருந்துச்சு. 'இப்ப அடிப்பான், இப்ப அடிப்பான்'னு களியை ஆறவிட்டுட்டு உக்காந்திருந்தாங்க. ஒரு வாய் எறங்கல. அதுக்கப்புறம்தான் பிளேனைப் போட்டேன். வூட்டுல சிக்னல் எடுக்கல அத்தை, பாறைக்குப் போய் பேசிட்டு வரேன்னு சொல்லிட்டு வந்துடறேன்."

ஒண்ணும் புரியல எனக்கு.

"அப்ப தங்கராஜ் உன் போனுக்குத்தானே கூப்புடறான்?"

கோகிலா தன் போனை எடுத்து என்கிட்ட நீட்டுச்சு. மேல ஓரத்துல பிளேன் இல்ல. நாலு கோடும் இருந்துச்சு.

"இதுல நான் பிளேன் போட்டதே இல்லீங்கண்ணா. பொங்கலுக்கு வந்துட்டுப் போனவரு. அதுக்கப்புறம் இதுலயும் ஒரு கால்கூட வரல. நான் அடிச்சாலும் எடுக்கறதில்ல."

"அப்ப டவர் வர்றதுக்கு முன்னால... தினமும் 'சாப்பிட்டீங்களா'ன்னு கேட்டது?"

"அது இந்தப் பாறையில உக்காந்து நான் யோசிச்சதுங்க."

போனைத் திருப்பிக் குடுத்தேன். ரெண்டு பேரும் கீழ எறங்கினோம்.

வாசல்லயே நின்னுட்டிருந்தாங்க நஞ்சம்மா அக்கா. "என்னடா முனியப்பா, நீயும் பாறையிலருந்து வர்ற? நீ சரி பண்ணிக் குடுத்தும் வூட்டுக்கு வந்ததும் அந்த எழவு செத்துப் போச்சே. தங்கராஜு பேசினானா?"

கோகிலா பயந்து போய் என் மூஞ்சியைப் பார்த்துச்சு.

"பேசினான்க்கா. நானும் பேசினேன். சாப்பிட்டீங்களான்னு கேட்டான். உள்ள போய் சாப்பிடுங்க. போனை இனிமே கடைக்குத் தூக்கிட்டு வராதீங்க. ரீசார்ஜ் கடை வச்சிருக்கறவன் சொல்றேன், உங்க வூட்டுக்கு சிக்னல் எட்டாது."