சிவப்பு நூல்

துணிப் பொட்டலத்தின் ஓரத்தில் ஊசித் துளைகள் இருந்தன. எண்ணிப் பார்த்தாள். ஆறு.

தம்பி சற்றுமுன்தான் வீட்டுத் தண்ணீர் வடிகட்டியில் மாற்றிய புதுப் பொட்டலம் அது. மூடி சரியாக உட்காரவில்லையே என்று அக்காக்காரி திறந்தாள், அவ்வளவுதான். அவன் பின்பக்கம் கை கழுவிக்கொண்டிருந்தான்.

ஆலை கழித்துக் கொட்டும் சாம்பலைப் பக்குவப்படுத்தி, துணியில் பொட்டலமாகக் கட்டி, தண்ணீரில் கலந்த பூச்சிமருந்தை உறிஞ்சவைத்தது அவள் வேலை பார்க்கும் ஆய்வுக்கூடம். குப்பையிலே மாணிக்கம் என்று எல்லோரும் கொண்டாடினார்கள்.

ஆனால் மாணிக்கத்துக்கு ஆயுள் மூன்று மாதம். அதற்குமேல் குடித்த மருந்தையெல்லாம் தண்ணீரிலேயே கக்க ஆரம்பித்துவிடும்.

அதனால் திரும்பி வரும் பழைய பொட்டலங்களில் சிவப்பு நூலால் மூன்று தையல் போட்டுவிடுவாள்; தையலுக்கு இரண்டு துளை. சிவப்பு நூல் இருந்தால் சூளைக்கு. அதைச் சூளையில் போடுவதும், புதியதை வீடுகளில் மாட்டுவதும் தம்பியின் பொறுப்பு. அவள்தான் சிபாரிசு செய்து வாங்கிக்கொடுத்த வேலை.

அவள் இடதுகைக்காரி. தையல் எப்போதும் கோணலாகத்தான் விழும்.

இந்தத் துளைகளும் கோணலாகவே இருந்தன. நூலைப் பிரித்து, துணியைப் பளிச்சென்று அலசியவன், துளைகளை மறந்துவிட்டான். புதுப் பொட்டலங்களை யாருக்கு விற்றானோ.

அடுத்த அறையில் சொம்பு வைக்கும் சத்தம் கேட்டது. மகளுக்கு இது ஏழாம் மாதம். அடிக்கடி தாகம் எடுக்கிறது என்று காலையில்தான் சொன்னாள்.

அக்கா பொட்டலத்தைத் திரும்ப உள்ளே வைத்து மூடினாள். இடுப்பில் தூக்கி வளர்த்த தம்பி.

கையைத் துடைத்துக்கொண்டே வந்தான். "மாத்தியாச்சுக்கா. இனி மூணு மாசத்துக்குக் கவலையே இல்ல."

அவள் வடிகட்டியிலிருந்து ஒரு டம்ளர் பிடித்து அவனிடம் நீட்டினாள்.

"வேணாம்க்கா, இப்பத்தான் டீ குடிச்சேன்."

ஒவ்வொரு முறையும் சொல்வதுதான். உனக்கு டீக்கடையிலேயே பெண் பார்த்திருக்கலாம்டா என்று அவளும் கேலி செய்து சிரிப்பாள்.

இன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது.

உண்ட வீட்டுக்கு இரண்டகம் என்பார்கள். அப்படிச் சொல்லித் திட்டவும் வழியில்லை. வடிகட்டி வைத்த இந்த இரண்டு வருடத்தில், அவன் இந்த வீட்டில் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடித்ததில்லை.