ரோஸ் குஞ்சும் பச்சைக் குஞ்சும்

தெருவில் கூடையோடு வந்தவரிடம் யாழினியும் அவள் தம்பி சபரியும் ஆளுக்கொரு சாயக் கோழிக்குஞ்சு வாங்கினார்கள். ரோஸ் அவளுக்கு, பச்சை அவனுக்கு.

கொல்லையில் யாழினி தன் குஞ்சுக்கு மட்டும் தவறாமல் நொய் போடுவாள். சபரி விளையாட்டில் மறந்துவிடுவான். அன்றைக்குப் பச்சைக்குப் பட்டினிதான்.

“பசிக்குது, கொஞ்சம் தாயேன்” என்றது பச்சை.

“என் நிறத்துக்குக் கிடைக்கிற மரியாதை இது. உனக்கு எதுக்குத் தரணும்?” என்றது ரோஸ்.

நாளாக ஆக குஞ்சுகள் இரண்டுக்கும் புது இறகு முளைத்தது. சாயம் உதிர்ந்து இரண்டும் ஒரே வெள்ளையாகிவிட்டன. ரோஸ் பயந்துபோய் வாளிக்குப் பின்னால் ஒளிந்தது. “இனி என்னை யாருக்கு அடையாளம் தெரியும்?”

காலையில் பிள்ளைகள் வந்து எது யாருடையது என்று தெரியாமல் விழித்தார்கள்.

“இதுதான் என்னோடது!”

“இல்லக்கா, அது என்னோடது!”

சண்டை ஓயவில்லை. தன்னுடையது பட்டினி கிடந்துவிடுமோ என்று யாழினி இரண்டுக்கும் நொய் போட்டாள். அதே பயத்தில் சபரியும் ஓடிப்போய் ஒரு கை அள்ளிவந்து இரண்டுக்கும் போட்டான்.

பச்சை வாய் நிறைய நொய்யோடு கேட்டது: “நீதான் ரோஸ்னு அவகிட்ட போய்ச் சொல்லட்டுமா?”

“அய்யய்யோ, சொல்லிடாதே! பேசாமச் சாப்பிடு” என்றது ரோஸ்.