விருந்து வயல்

அந்த வருஷம் ஊரில் குலுக்கிப் போட்ட சீட்டு சுபாஷினியின் வயலுக்கு விழுந்தது. ஊரில் யாரும் மருந்து அடிப்பதில்லை. அதற்குப் பதிலாக ஒரே ஒரு வயலைப் பூச்சிகளுக்கு விட்டுவிடுவார்கள். மற்ற வயல்கள் தப்பிக்கும். விருந்து வயல் என்று அதற்குப் பெயர். விடுவது என்றால் சும்மா இல்லை. நோஞ்சான் பயிருக்குப் பூச்சி வராது என்று தண்ணீர் கட்டி, உரம் போட்டு, களையும் பறித்தாக வேண்டும்.

பறித்தாள், பல்லைக் கடித்துக்கொண்டு. ஆனால் சிலந்திகளும் தட்டான்களும் தாமாகவே வந்து குடியேறி, சாறு உறிஞ்ச வந்த புகையான் பூச்சியை எல்லாம் தின்று தீர்த்தன. கதிர்கள் பாரம் தாங்காமல் சாய்ந்தபோது, பொங்கலுக்குச் சொந்த அரிசி என்று அவளுக்கு ஆசை வந்தது.

மறுநாளே பூச்சி அதிகாரி வந்து நின்றார். அவர் தலைக்கு மேல் ஒரு ட்ரோன், அதன் வயிற்றில் வலைப்பெட்டி.

“உங்க வயல்ல பூச்சியே இல்லீங்களே. எல்லாம் பக்கத்து வயலுக்குல்ல போவுது? அதான் புகையானைக் கொண்டாந்து விடுறோம்.”

“நான் மருந்தா அடிச்சேன் சார்? சிலந்தி தானா வந்துச்சு. இப்படி வரணும்னுதானே நீங்க கிளாஸ் எடுத்தீங்க?”

“மத்த வயலுக்கு அது சரிங்க. இது விருந்து வயலாச்சே.”

பெட்டி திறந்தது. சுபாஷினி அவசரமாக நாலு கதிரை ஒடித்தாள்.

“அதை எடுக்கக்கூடாதும்மா. அது பூச்சியோட பங்கு.”

கதிரை இடுப்பில் செருகிக்கொண்டாள். காலையிலிருந்து பறித்து வைத்திருந்த கோரைப் புல்லை அள்ளி அவர் கையில் திணித்தாள்.

“அப்போ களை பறிக்கவும் அதுங்களையே வரச் சொல்லுங்க சார்.”