குட்டிச்சாத்தானுக்கு ஒரு பேர்

"லூனியா? நோமியா? மார்லிஸ், இது குட்டிச்சாத்தான் கூட்டமா, இல்ல பிரசவ வார்டா?"

வெர்ன் பகடையை மேசைமேல் போட்டுவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தான்.

அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் ஒரு விளையாட்டுச் சாமான் கடையின் பின்னறையில், ஞாயிறு மதியமானால் நாலு பேர் கூடுவார்கள். மார்லிஸ் கதை சொல்லுவாள். மற்ற மூவரும் அந்தக் கதைக்குள் வீரர்கள். பகடை உருட்டி, பேசிப் பேசியே காட்டையும் கோட்டையையும் கடப்பார்கள். வழியில் வருகிற ஜந்துக்களுக்குப் பேர் வைப்பது மார்லிஸின் வேலை.

"முழங்கால் உயரம், கிழிஞ்ச காது, கோழி திருடும், காலைக் கடிக்கும். அதுக்குப் போய் லூனியா? பேரைக் கேட்டாலே ஒரு பயம் வர வேண்டாம்?"

"அதோட அம்மாவுக்கு அது லூனிதான். நீ உருட்டு."

பல் டாக்டரிடம் வேலை பார்க்கும் ரோண்டாவும் சேர்ந்துகொண்டாள். "வெர்ன் சொல்றது நியாயம்தான். போன வாரம் என்னைக் கத்தியால குத்தினது யாரு? மீமீ! வெளிய சொல்லவே வெக்கமா இருக்கு."

நாலாவது ஆள் கிளைட், தன் பகடையைத் துடைத்துக்கொண்டிருந்தான். லாரி பட்டறையில் மெக்கானிக். மூன்று மாதமாகத்தான் வருகிறான். பேச்சு கொஞ்சம் திக்கும். அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

"அடுத்த வாரம் நான் வைக்கறேன் பேரு" என்றான் வெர்ன்.

"வேண்டாமே."

"ஏன்?"

மார்லிஸ் வாயைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டாள். "சரி, வை."

கற்பனை வற்றிவிட்டது, ஒத்துக்கொள்ள மனசில்லை என்று நினைத்துக்கொண்டான் வெர்ன்.

அவனுக்கு வேலை, சாலையில் பனி தள்ளும் வண்டி ஓட்டுவது. வாரம் முழுக்க ஸ்டியரிங்கைப் பிடித்தபடி பேர் யோசித்தான். அடுத்த ஞாயிறு ஒரு தாள் நிறைய எழுதிக்கொண்டு வந்தான்.

"க்ராக்டப்! பிக்டூட்! டர்ட்கட்! எப்படி?"

"இது பேரு!" ரோண்டா கை தட்டினாள்.

ஆட்டம் சூடு பிடித்தது. பொறியில் மாட்டியிருந்த ஒரு குட்டிச்சாத்தானை கிளைட் விடுவித்தான். அது அவன் காலைக் கட்டிக்கொண்டது. வெர்ன் தாளைப் பார்த்து அதற்கு 'க்ராக்டப்' என்று பேர் வைத்தான். கிளைட் தன் பங்கு ரொட்டியை அதற்குக் கொடுத்தான். ஆனால் ஒரு தடவைகூட பேர் சொல்லவில்லை. 'அது', 'இவன்' என்றே சொல்லிக்கொண்டிருந்தான்.

அப்போதுதான் ரோண்டா விட்ட நெருப்பு அம்பு குறி தப்பி, கயிற்றுப் பாலத்தில் விழுந்தது. பாலம் பற்றிக்கொண்டது. மிரண்டுபோன குட்டிச்சாத்தான் நேரே பாலத்தைப் பார்த்து ஓடியது.

"கூப்பிடு கிளைட்!" வெர்ன் எழுந்தே விட்டான். "பேரைச் சொல்லிக் கூப்பிட்டாத்தான் நிக்கும். அதான் சட்டம். மூணு எண்ணுவேன். ஒண்ணு..."

"க்..."

"ரெண்டு..."

"க்... க்..."

கிளைட்டின் கழுத்து நரம்பு புடைத்தது. முகம் சிவந்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டான்.

வெர்னுக்கு மூன்று சொல்ல வாய் வரவில்லை.

"அது கூட்டத்துல வெச்ச பேரு வெர்ன்" என்றாள் மார்லிஸ், ஏதோ இப்போதுதான் ஞாபகம் வந்ததுபோல. "வீட்ல அதோட அம்மா கூப்பிடறது ஓமினு."

கிளைட் கண்ணைத் திறந்தான்.

"ஓமி! நில்லு! அங்கயே நில்லு!"

ஒரே மூச்சில், அறையே அதிரும்படி வந்தது. குட்டிச்சாத்தான் நின்றது. ரோண்டா "அப்பாடா" என்று நாற்காலியில் சாய்ந்தாள்.

வெர்ன் மெல்ல உட்கார்ந்தான். லூனி, நோமி, மீமீ, வாலியா... மூன்று மாதப் பேர்களும் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. ஒன்றில்கூட ஒரு வல்லின எழுத்து இல்லை. தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டான். மிச்ச ஆட்டம் முழுவதும் பேர் வைக்கிற முறை வந்தபோதெல்லாம், "நீயே வை மார்லிஸ், எனக்குத் தீர்ந்துபோச்சு" என்றான்.

ஆட்டம் முடிந்து வெளியே வந்தார்கள். கிளைட்டின் வண்டிக் கண்ணாடியில் பனி அப்பியிருந்தது. வெர்ன் தானே ஒரு பக்கம் சுரண்ட ஆரம்பித்தான்.

"கிளைட், நான் ஒரு மடையன்பா. மன்னிச்சுடு. மார்லிஸ் அந்தப் பேரெல்லாம் உனக்காகத்தான்..."

"த்... தெரியும்."

"தெரியுமா? எப்பலேருந்து?"

"மொத வாரத்துலேருந்தே."

"அடப்பாவி! அப்ப அவகிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? 'நன்றி'னாவது?"

கடைக் கண்ணாடிக்கு உள்ளே மார்லிஸ் பகடைகளை எண்ணிப் பைக்குள் போட்டுக்கொண்டிருந்தாள். கிளைட் அவளைப் பார்த்துக்கொண்டே, நிறுத்தி நிறுத்தி, வேண்டிய நேரம் எடுத்துக்கொண்டு சொன்னான்.

"எனக்குத் தெரியும்னு அவங்களுக்குத் தெரிஞ்சா, அப்புறம் ஒவ்வொரு பேர் வைக்கும்போதும் அவங்களுக்கு நாக்கு திக்கும் வெர்ன்."