நூல் வரும் பிரஷ்

“எத்தனை நாளா அவகிட்டப் போறீங்க?”

மனைவியின் கையில் ஒரு பல் துலக்கும் பிரஷ் இருந்தது. கணக்கு வாத்தியாரின் பள்ளிக்கூடப் பைக்குள், விடைத்தாள் கட்டுக்கு அடியில், கைக்குட்டையில் சுற்றி ஒளித்து வைத்திருந்தது. குளியலறையில் இருக்க வேண்டிய பிரஷ்ஷுக்குப் பையில் என்ன வேலை?

ஒரே முறைப்பில் மொத்த வகுப்பையும் கப்சிப் ஆக்குகிற மனுஷர், திருதிருவென்று விழித்தார்.

“கடையில வாங்கினேன். புது மாடலா இருந்துச்சு, அதான்...”

“புளுகாதீங்க! இது எந்தக் கடையிலயும் கிடைக்காது. பாத்த உடனே தெரிஞ்சுபோச்சு, அவ கையால குடுத்ததுதான்னு. எதிர் ரோட்டுக்காரிதானே?”

வாத்தியார் தலையைக் குனிந்துகொண்டார்.

மனைவி சோபாவில் பொத்தென்று உட்கார்ந்தாள். “இத்தனை வருஷத்துல நான் உங்களுக்கு என்ன குறை வெச்சேன்? என்கிட்ட இல்லாதது அவகிட்ட அப்படி என்ன இருக்கு?”

“மெதுவாப் பேசும்மா. ஜன்னல் திறந்திருக்கு.”

அவள் எழுந்து போய் ஜன்னலை அறைந்து சாத்திவிட்டு வந்தாள். “எப்போ ஆரம்பிச்சது?”

“நீ உங்க அக்கா வீட்டுக்குப் போயிருந்தப்போ. ராத்திரி பூரா தூக்கமே இல்ல. ஒரு தடவைதானேன்னு போனேன்.”

“ஒரு தடவையோட நின்னுச்சா?”

“அவங்கதான் அடுத்த வாரமும் வரச் சொன்னாங்க. கடைவாய்ப் பல்லு இன்னொண்ணும் சொத்தையாம்.”

வேறு மாதிரி நினைத்துவிட்டவர்கள் வாத்தியாரிடம் மனசுக்குள்ளேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்ளலாம். அவர் மனைவி ஒரு பல் டாக்டர். மாடியில் வீடு, கீழே கிளினிக். எதிர் ரோட்டுக்காரியும் பல் டாக்டர்தான். கூடப் படித்தவள். படித்ததோடு விடாமல் எதிரிலேயே வந்து போர்டு மாட்டி, இவளுடைய பேஷண்ட்டுகளில் பாதிப் பேரை இழுத்துக்கொண்டவள். அவளிடம் இந்த வீட்டு ஆட்கள் யாரும் வாயைத் திறக்கக் கூடாது என்பது டாக்டரம்மா போட்ட சட்டம்.

“கட்டின புருஷனே என் கையை நம்பலைன்னு வெளிய தெரிஞ்சா, நாளைக்கு யாரு என்கிட்ட வருவா? இருக்கிற நாலு பேரும் ரோட்டைத் தாண்டிப் போயிடுவாங்க. கீழ பூட்டுப் போட்டுட்டு உக்கார வேண்டியதுதான்.” அவள் குரல் உடைந்தது. “துரோகம்ங்க இது. பச்சைத் துரோகம்.”

வாத்தியாருக்கும் கண் கலங்கிவிட்டது. எத்தனையோ நாளாக மனசைக் குத்திக்கொண்டிருந்த விஷயம் அது.

“உன் கை மேல எனக்குச் சந்தேகமே இல்லம்மா. உன் நாற்காலியில உக்காந்தா, வாயைத் திறக்கச் சொல்லிட்டு, எங்க அம்மா சொன்னது, என் தம்பி செஞ்சது, நான் வாங்கிட்டு வர மறந்தது, எல்லாத்தையும் ஆரம்பிச்சுடற. வாய் நிறைய கண்ணாடியும் கம்பியும் வெச்சுக்கிட்டு நான் என்னத்தப் பதில் சொல்ல? அவங்க பேசாம பல்லை மட்டும் எடுத்தாங்க.”

சமாதானம் செய்யத்தான் சொன்னார். அது எரிகிற நெருப்பில் எண்ணெயாகப் போயிற்று.

“எடுத்ததும் இல்லாம, இதை வேற சீரா குடுத்து அனுப்பினாளா?”

“பல்லு எடுத்தவங்களுக்கு மட்டும் குடுக்கிறதாம். தனியா ஆர்டர் குடுத்து செய்ய வெக்கிறாங்களாம்.” மனுஷருக்கு எங்கே நிறுத்துவது என்றே தெரியவில்லை. “கைப்பிடிக்குள்ளயே நூல் சுத்தி வெச்சிருக்கு, பல்லு இடுக்குல விட்டு எடுக்க. என்ன, மூடியைத் திறக்கிறதுதான் பெரும்பாடு. அவங்க எதிர்ல நின்னு சொல்லிக்குடுத்தும் எனக்கு இன்னும் கைவரல.”

“மூடுங்க வாயை!”

கத்திக்கொண்டே அவள் பிரஷ்ஷைத் தலைகீழாகப் பிடித்தாள். அடிமூடியைக் கட்டைவிரலால் அழுத்தி, இடப்பக்கம் ஒரு திருகு திருகி, நகத்தால் ஒரு தட்டுத் தட்டினாள். மூடி டக்கென்று கழன்று கீழே விழுந்தது. நூலின் நுனியைப் பிடித்து முழம் முழமாக உருவி வாத்தியாரின் காலடியில் போட்டாள்.

“இந்தாங்க, இதுக்குத்தானே போனீங்க? நல்லா இடுக்கு இடுக்கா விட்டு எடுத்துக்கோங்க. இனிமே என் மூஞ்சியில முழிக்காதீங்க!”

முகத்தைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தாள்.

காலில் விழுந்தாவது மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்றுதான் வாத்தியார் ஓரடி முன்னால் வந்தார். கால் அப்படியே நின்றுவிட்டது. கீழே கிடந்த மூடியைப் பார்த்தார். அவள் கட்டைவிரலைப் பார்த்தார்.

போன மாதம் ஒரு வாரத்துக்குப் பக்கமாக இவள் வீட்டில் யாரோடும் பேசவில்லை. வாயையே திறக்கவில்லை. தன் மேல்தான் கோபம் என்று நினைத்து, என்ன தப்பு செய்தோம் என்றே தெரியாமல், அவர் இவள் பின்னாலேயே சுற்றிச் சுற்றிக் கெஞ்சிக்கொண்டிருந்தார். அடிப்பாவி!

மெல்லப் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். அவள் விலகவில்லை.

“உனக்கு எந்தப் பல்லை எடுத்தாங்க?”